சட்டைப்பை கேமராவுக்கு எந்த ஃப்ளாஷ்?

ரிகோ ஜிஆர் 3 என்ற சின்னக் கேமராவில் ஃப்ளாஷ் கிடையாது. ஜிஆர் 2-இல் மேலே எழும்பும் குட்டி ஃப்ளாஷ் ஒன்று இருந்தது, 2019-இல் மூன்றாவது வந்தபோது உடம்பு சிறிதாகி, கை அதிர்வைச் சமாளிக்கும் சென்சார் உள்ளே வந்து, ஃப்ளாஷ் போய்விட்டது. மேலே ஃப்ளாஷ் மாட்டும் பொருத்தி, அதாவது ஹாட் ஷூ மட்டும் மிச்சம். பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம்தான் இந்தக் கேமரா, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம், அதனால்தான் பயணத்துக்கு இதை எடுத்துப் போகிறோம். அந்த ஹாட் ஷூவில் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி. ஒரு வருஷத்துக்கும் மேலாக வெவ்வேறு ஃப்ளாஷ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்களிடம் ஃபுஜி எக்ஸ்100 மாதிரி வேறு சின்னக் கேமரா இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், ஃப்ளாஷ் வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். கை அதிர்வைத் தாங்கும் சென்சார் இருக்கிறது, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400 வரை தாராளமாக ஏற்றலாம், அப்புறம் எதற்கு ஃப்ளாஷ் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தெருவுக்கும் கட்டடத்துக்கும் சரி. மனிதர்களுக்குச் சரிவராது, ஏனென்றால் அந்தச் சென்சார் நம் கையை நிறுத்துமே தவிர எதிரில் ஆடுபவரை நிறுத்தாது. இது எனக்கு உறைத்த இடம் குலசேகரப்பட்டினம் தசரா. விரதமிருந்து வேடம் கட்டி வருகிறவர்கள், காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று ஆயிரக்கணக்கில், மேளத்துக்கு ஆடிக்கொண்டே இரவு முழுக்கத் தெருவில் போகிறார்கள். டியூப் லைட்டும் சீரியல் பல்பும்தான் வெளிச்சம். முப்பதில் ஒரு நொடியில் எடுத்த படங்களில் பின்னால் இருந்த கடைப் பலகை துல்லியமாக இருந்தது, காளியின் முகம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதுவும் இல்லாமல் வெளிச்சம் எல்லாம் மேலிருந்து விழுவதால் கண்குழி இரண்டும் கருப்பு. ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் கண்ணுக்குள் வெளிச்சம் வராது, முன்னாலிருந்து ஒரு வெளிச்சம் போயே ஆக வேண்டும்.

சரி, வேண்டும் என்று முடிவானால் அடுத்தது எடை. கடைக்காரரோ நண்பரோ முதலில் சொல்வது, கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள், தலை திரும்பும், பவர் கூட இருக்கும், பின்னால் உதவும் என்பது. நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். நல்ல ஃப்ளாஷ், அதில் குறையே இல்லை. ஆனால் தங்கும் அறையிலேயே இருந்தது, மூன்று பயணத்தில் இரண்டு முறைதான் வெளியே வந்தது. கேமரா சட்டைப்பையில் இருக்கும்போது ஃப்ளாஷுக்காக ஒரு பையைத் தோளில் மாட்டத் தோன்றவில்லை. கணக்குப் பாருங்கள், கோடாக்ஸ் டிடி350 செல் இல்லாமல் 200 கிராம், இரண்டு டபுள் ஏ செல் போட்டால் 250-ஐத் தாண்டும். அதாவது கேமராவுக்குச் சமமான எடை அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு கையில் பிடித்து எடுக்கும் கேமராவில் இது பெரிய தொல்லை, மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும்.

அடுத்து கைடு நம்பர், அதாவது ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண். இதைப் புரிந்துகொண்டால் விளம்பரம் எதுவும் உங்களை ஏமாற்றாது. ஐஎஸ்ஓ 100-இல், கைடு நம்பரை மீட்டர் கணக்கில் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் துளைக்கு வைக்க வேண்டிய எஃப் எண் கிடைக்கும். கைடு நம்பர் 12, ஆள் நிற்பது ஒன்றரை மீட்டரில், 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் எஃப் 8. அவ்வளவுதான் விஷயம். ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்றினால் கைடு நம்பர் இரண்டு மடங்காகும், அதனால் ஐஎஸ்ஓ 400-இல் அதே ஃப்ளாஷ் 24. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிடி350-க்கு 36 என்று போட்டிருப்பது ஃப்ளாஷின் தலையை 105 மி.மீ. அளவுக்குக் குவித்து வைத்தபோது கிடைக்கும் எண். ஜிஆர் 3-இன் லென்ஸ் 28 மி.மீ. கோணம், மி.மீ. குறையக் குறைய காட்சி அகலும், அந்த அகலத்துக்கு ஒளியை விரித்தால் எண் நன்றாகவே இறங்கிவிடும். ஆகவே 36-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் வைத்து மூன்று மடங்கு என்று எண்ண வேண்டாம். எந்த ஃப்ளாஷாக இருந்தாலும் 28-இல் அல்லது 35-இல் எவ்வளவு என்று கையேட்டில் தேடிப் பாருங்கள்.

இப்போது கோடாக்ஸ் லக்ஸ் ஜூனியர். பழைய ஃபிலிம் கேமரா ஃப்ளாஷ் மாதிரி உருவம், இரண்டு ட்ரிபிள் ஏ செல், கைடு நம்பர் 12, ஒளி விரியும் கோணம் 28 மி.மீ. அதாவது ஜிஆர் லென்ஸுக்கு அளந்து செய்தது போல. முழு பவரிலிருந்து 1/64 வரை ஏழு படி. கேமராவே ஒளியை அளந்து பவரை முடிவு செய்யும் டிடிஎல் இல்லை, தலை நிமிராது, திரும்பாது. பட்டியலாகப் படித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கையில் எடுத்து ஒரு வாரம் சுற்றியதும் என் எண்ணம் மாறியது, காரணம் ஜிஆரில் இருக்கும் ஸ்னாப் ஃபோகஸ்.

இருட்டில் ஜிஆர் 3-இன் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்னாப் ஃபோகஸில் தூரத்தை நாமே 1 மீட்டர், 1.5 மீட்டர், 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிடலாம், பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் தேடாமல் எடுத்துவிடும். ஒன்றரை மீட்டரில் வைத்து எஃப் 8 கொடுத்தால் ஏறக்குறைய 90 செ.மீ. முதல் நாலரை மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தூரம் முன்பே தெரிகிறது என்றால் ஃப்ளாஷ் பவரும் முன்பே தெரியும்! டிடிஎல் எதைக் கண்டுபிடிக்கப் போகிறது? கேமராவை எல்லாம் நாமே வைக்கும் எம் (மானுவல்) மோடில் போட்டு, ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்று பூட்டிவிட்டேன். ஒரு மீட்டருக்கு 1/8 பவர், ஒன்றரைக்கு 1/4, இரண்டுக்கு 1/2, மூன்று மீட்டருக்கு முழு பவர். இந்த நாலு எண்ணை மனப்பாடம் செய்தால் போதும். குலசையில் இரண்டாவது இரவு இதை மட்டும் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன், பெரும்பாலும் 1/4-இலேயே நின்றது டயல், ஒளி அளவு தப்பிய படம் மிகக் கொஞ்சம். ஷட்டரை முப்பதில் ஒரு நொடியில் விட்டால் பின்னால் இருக்கும் சீரியல் பல்பும் கோபுர விளக்கும் படத்தில் வந்துவிடும், முகம் மட்டும் ஃப்ளாஷ் ஒளியில் உறைந்து நிற்கும். 1/4 பவர் என்பதால் உடனே சார்ஜ் ஆகி அடுத்த படத்துக்குத் தயார், பேட்டரி செல்லும் முழு பவரை விட ஏறக்குறைய நான்கு மடங்கு தாங்குகிறது.

ஆட்டோ ஐஎஸ்ஓவை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கேமரா இருட்டைப் பார்த்து 3200-க்கு ஏற்றிவிடும், முகம் வெளுத்துச் சுவராகிவிடும்.

பகல் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ஃப்ளாஷ் இரவுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஜிஆரிலும் எக்ஸ்100-இலும் இருப்பது லீஃப் ஷட்டர், லென்ஸுக்குள்ளேயே விரிந்து மூடுவது. மற்ற பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டர், அதில் ஃப்ளாஷோடு 1/180 அல்லது 1/250 என்ற வேகத்துக்கு மேல் போனால் படத்தில் பாதி கருத்துவிடும். லீஃப் ஷட்டரில் அந்தத் தடை இல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/400 வரும். ஜூனியர் முழு பவரில் ஒன்றரை மீட்டரில் அதே எஃப் 8-க்கான ஒளியைத் தருகிறது. அதாவது தலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது முகத்தின் நிழலை இந்தக் குட்டியே நிரப்பிவிடும். 1/180-இல் மாட்டிக்கொண்ட கேமராவில் அதே வெயிலுக்கு எஃப் 12 வரை மூட வேண்டும், அப்போது கைடு நம்பர் 18 தேவைப்படும், பெரிய ஃப்ளாஷ்தான் ஆகும். சின்னக் கேமராவுக்குச் சின்ன ஃப்ளாஷ் போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். ஷட்டரை 1/1000-க்கு மேல் கொண்டுபோனால் முழு பவர் ஒளியின் வால் பகுதி வெட்டுப்பட்டு நஷ்டமாகும், அங்கே கவனம்.

ஜூனியரில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. பையில் கிடக்கும்போது டயல் தானாக நகர்ந்துவிடும், எடுத்ததும் ஒரு முறை பார்த்துக்கொள்வது பழக்கமாக வேண்டும். ஜிஆருக்கான 21 மி.மீ. அகல லென்ஸை முன்னால் மாட்டினால் ஓரங்கள் இருளும், அந்த அகலத்துக்கு இதன் ஒளி விரியாது. ஏ என்று ஒரு மோடும் இருக்கிறது, திரும்பி வரும் ஒளியைத் தன் சென்சாரால் தானே அளந்து நிறுத்திக்கொள்ளும். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் உதவுகிறது, ஆனாலும் எனக்கு அந்த நாலு எண்ணிலேயே நம்பிக்கை அதிகம்.

பென்டாக்ஸ் ஏஎஃப்201எஃப்ஜி இன்னொரு வழி. ரிகோவும் பென்டாக்ஸும் ஒரே நிறுவனம் என்பதால் பி-டிடிஎல் என்ற பென்டாக்ஸ் முறைதான் ஜிஆரிலும் வேலை செய்கிறது. கைடு நம்பர் 20, இதுவும் இரண்டு ட்ரிபிள் ஏ, தலை மேல்நோக்கி நிமிரும், தூசியும் தூறலும் தாங்கும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜிஆருக்குப் பிறந்த ஃப்ளாஷ். கணக்குப் போட விரும்பாதவர், குழந்தைகளைத் துரத்திக்கொண்டு எடுப்பவர், ஒரு நொடி அரை மீட்டரிலும் அடுத்த நொடி மூன்று மீட்டரிலும் நிற்பவர் இதை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் டிடிஎல் என்ன செய்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். படத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஒளியை விட்டு, திரும்பி வருவதை அளந்து, அதற்கேற்பப் பெரிய ஒளியை விடும். எதிரில் நிற்பவர் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் மங்கும். கருப்பு உடுத்திய ஐயப்ப பக்தர்கள் கூட்டமாக நின்றால் நேர்மாறு, முகம் வெளுக்கும். திருத்திக்கொள்ளலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் திருத்துவதற்கு மானுவலே மேல். விலையும் ஜூனியரை விட நன்றாகக் கூடுதல், நம் ஊர்க் கடைகளில் பென்டாக்ஸ் பொருள் லேசில் கண்ணில் படாது.

டிடி350-இன் பென்டாக்ஸ் வகை கிடைக்கிறது, பெயருக்குப் பின்னால் பி என்று இருக்கும். எடையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வேலைக்கு இதுதான் சரி, வீட்டுக்குள் எடுப்பதற்கு. வெள்ளைக் கூரை, பத்தடி உயரம், தலையை நிமிர்த்தி ஒளியைக் கூரையில் அடித்தால் அறை முழுக்க மென்மையான வெளிச்சம் இறங்கும், பாட்டியின் முகச்சுருக்கம் கூட அழகாக விழும். கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி எக்கச்சக்கமாகக் குறைந்துவிடுவதால் அதற்குப் பவர் வேண்டும், டபுள் ஏ செல் வேண்டும், தலை எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், செங்குத்துப் படத்திலும் கூரையைப் பார்க்க வேண்டுமே. போதாததற்கு ரேடியோவும் உள்ளேயே இருக்கிறது, பின்னாளில் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்தும் அடிக்கலாம். பயணம் என்று நீங்கள் சொல்வது பாதிக்கு மேல் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள்தான் என்றால் ஜூனியரை மறந்துவிட்டு இதை வாங்குங்கள், பையும் தூக்குங்கள். தெருவில் வானம்தான் கூரை, அங்கே நிமிரும் தலைக்கு வேலை இல்லை.

உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து யுஎஸ்பி-சி-யில் சார்ஜ் ஆகும் தீப்பெட்டி அளவு ஃப்ளாஷ்களும் வந்திருக்கின்றன, கோடாக்ஸ் ஐஎம்20 அந்த ரகம். போன் சார்ஜரே போதும் என்பது சுகம்தான். பவர் குறைவு, லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் இருட்டில் கண் சிவக்க வாய்ப்பு அதிகம், சார்ஜ் தீர்ந்தால் நின்று காத்திருக்க வேண்டும். ட்ரிபிள் ஏ என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒரு மீட்டருக்குள் மட்டும் எடுப்பேன் என்பவருக்கு ஐஎம்20 போதும்.

பழைய கேமராக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபிலிம் கால ஃப்ளாஷ்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் சில, ஷூவின் நடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். விவிட்டார் 283-இன் ஆரம்பகாலத் தயாரிப்புகள் இதற்குப் பேர்போனவை. அந்தக் காலக் கேமராவில் உலோகத் தொடுப்புதான், தாங்கியது. இன்றைய கேமராவில் மின்னணுச் சுற்று, எரிந்துபோகலாம். மல்டிமீட்டரால் அளக்காமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

மற்றக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேகமாகச் சில வார்த்தை. ஃபுஜி எக்ஸ்-டி2, டி3 என்றால் இஎஃப்-எக்ஸ்8 என்ற குட்டி பெட்டிக்குள்ளேயே வந்திருக்கும், தேடிப் பாருங்கள். ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 2-இலும் அப்படித்தான், அதன் குட்டித் தலை நிமிரவும் திரும்பவும் செய்யும். இவை கேமராவிடமிருந்து மின்சாரம் வாங்குபவை, அந்தந்த நிறுவனத்தின் சில கேமராக்களைத் தவிர வேறெதிலும் எரியாது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் இரண்டாவதைத் தவிர வேறெதிலும் ஹாட் ஷூ கிடையாது. ஷூ இல்லாதவற்றில் கேமராவிலேயே உள்ள குட்டி ஃப்ளாஷை எரியவிட்டு, ஜூனியரை எஸ்2 மோடில் கையில் பிடித்தால் அந்த ஒளியைப் பார்த்து இதுவும் எரியும். கேனான் 1500டி, 3000டி, 200டி 2 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும், அவற்றின் ஷூவில் நடு முனையே இல்லை, ஜூனியர் மாதிரி ஒற்றை முனை ஃப்ளாஷ் எதுவும் அதில் வேலை செய்யாது.

செல் எது என்பதும் முக்கியம். எனலூப் மாதிரி ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நான்கு வைத்திருக்கிறேன், இரண்டு உள்ளே, இரண்டு பையில். சாதாரண ஆல்கலைன் செல்லை உள்ளே போட்டுவிட்டு மழைக்காலம் முழுக்க மறந்துபோனதில், என்னுடைய ஒரு ஃப்ளாஷின் ஸ்பிரிங் பச்சைக் களிம்பு பிடித்து வீணானது. ஜிஆர் 3-இன் பேட்டரியே சுமார் 200 படத்துக்குத்தான் வரும் என்பதால், ஃப்ளாஷுக்குத் தனிச் செல் இருப்பது நல்லதே.

எங்கே அடிக்கக் கூடாது என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அஜந்தாவில் ஃப்ளாஷுக்குத் தடை, பழைய ஓவியம் உள்ள எந்த இடத்திலும் யாரும் தடுக்காவிட்டாலும் அடிக்காதீர்கள். யானைக்கு முன்னால் வேண்டாம். வண்டி ஓட்டுபவர் முகத்தில் வேண்டவே வேண்டாம். வேடம் கட்டியவரிடம்கூட கேமராவைக் காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் எடுப்பேன், பெரும்பாலும் அவர்களே சூலத்தைத் தூக்கி நின்று கொடுக்கிறார்கள்.

ஜூனியர் வாங்குவதாக இருந்தால் பயணத்துக்கு முன்னால் ஓர் இரவு மொட்டை மாடிக்குப் போங்கள். வீட்டிலிருக்கும் யாரையாவது நிற்கவைத்து, சாக்பீஸால் 1, 1.5, 2, 3 மீட்டரில் கோடு போட்டு, மேலே சொன்ன நாலு எண்ணிலும் ஒவ்வொன்று எடுத்துப் பாருங்கள். கைடு நம்பர் பொதுவாக அறைக்குள், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியையும் சேர்த்துப் பார்ப்பது, திறந்தவெளியில் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி). படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 640-க்கோ 800-க்கோ ஏற்றி மறுபடி எடுங்கள். குலசைத் தெருவில் 400 போதுமாக இருந்தது, திறந்த மாடியில் எனக்கு 640-இல்தான் சரியாக நின்றது, அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃப்ளாஷின் முதுகிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.